கூட்ஸ் வண்டிப் படங்கள் எல்லாம் ஒன்றுபோலவே விழுகின்றனவா?

கேள்வி: ஓமலூரில் குடியிருக்கிறேன். நாலைந்து வருடமாக மொபைலில் கூட்ஸ் வண்டிகளைப் படமெடுக்கிறேன். ஆயிரத்துக்கு மேல் சேர்ந்துவிட்டன. ஆனால் எதைப் பார்த்தாலும் ஒரே படம் மாதிரி இருக்கிறது. நல்ல கேமரா வாங்கினால் சரியாகிவிடுமா?

பதில்: கேமராவை அப்புறம் பார்க்கலாம். நீங்கள் அனுப்பிய பத்துப் படங்களிலும் ஒரே குறைதான்: எஞ்சின் முகம் கறுத்துக் கிடக்கிறது, பின்னால் வானம் வெளுத்துப் போயிருக்கிறது. வெயிலை எதிரே வைத்துக்கொண்டு எடுத்தால் லட்ச ரூபாய் கேமராவிலும் இப்படித்தான் விழும்.

சேலத்தை அடுத்த மேக்னசைட் ஜங்ஷன் தாண்டி டேனிஷ்பேட்டை பக்கம் போகும் தண்டவாளம் சேர்வராயன் மலைக்கு மேற்கே ஓடுகிறது. காலையில் சூரியன் மலைக்குப் பின்னாலிருந்து எழும். மலையும் வண்டியும் உங்களுக்கு நிழலாகத்தான் தெரியும். மதியம் மூன்றரைக்கு மேல் தண்டவாளத்துக்கு மேற்கே நின்று பாருங்கள். வெயில் உங்கள் முதுகில் அடிக்கும், வேகன்களின் பக்கவாட்டில் விழும், மலை மடிப்பு மடிப்பாகத் தெரியும். உச்சி வெயிலில் மட்டும் வேண்டாம். நம் ஊரில் ஏப்ரல் 20-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 22-ஐ ஒட்டியும் சூரியன் நேர் தலைக்கு மேலே வந்துவிடும். வேகனுக்குக் கீழே சக்கரம் இருப்பதே தெரியாது.

டேனிஷ்பேட்டைக்கும் லோகூருக்கும் நடுவே ஏற்றம். ஜோலார்பேட்டை பக்கம் போகும் லோடு வண்டி அங்கே மெதுவாகத்தான் ஏறும், அதனால் நிதானமாக எடுக்கலாம். சமவெளியில் வேகமாக வரும் வண்டிக்கு மொபைலின் ப்ரோ மோடில் ஷட்டர் வேகத்தை 1/1000 நொடியில் வையுங்கள். ரொம்பப் பக்கத்தில் நின்றால் வேகன்கள் ஒரு பக்கம் சாய்ந்தது போல விழும். மொபைல் சென்சார் படத்தை வரிவரியாகப் பதிவதால் வருவது அது. தள்ளி நின்று, வண்டி உங்களைக் கடப்பதற்கு முன்பே எடுத்துவிடுங்கள்.

தள்ளி நிற்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ரயில்வே சட்டம் 147-வது பிரிவின்படி தண்டவாளப் பகுதிக்குள் அத்துமீறி நுழைந்தால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம். மேலே போகும் கம்பியில் 25,000 வோல்ட். நிற்கும் வேகன் மேல் ஏறிப் படமெடுக்கலாம் என்ற நினைப்பே வேண்டாம். மேம்பாலம், கேட் ரோடு, பிளாட்பாரம் இவையே போதும். ஸ்டேஷனில் எடுப்பதாக இருந்தால் ஸ்டேஷன் மாஸ்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். நான் சொல்லாமல் எடுத்து, ஒரு முறை அரை நாள் உட்கார்ந்து விளக்கம் சொல்ல வேண்டி வந்தது.

கூட்ஸுக்கு நமக்குத் தெரிகிற டைம்டேபிள் கிடையாது. ஆனால் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. மேட்டூர் அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி ஏற்றிப் போகும் ரேக் (ஒரு முழு வேகன் வரிசை) ஓமலூர் வழியாகத்தான் போக வேண்டும். போகும்போது வேகன் விளிம்புக்கு மேல் கரி குவிந்திருக்கும், சத்தம் அமுங்கி வரும். காலி ரேக் திரும்பும்போது தகர டப்பா மாதிரி அதிரும். இரண்டையும் ஒரே இடத்தில் நின்று எடுத்துப் பாருங்கள், அடுத்த முறை காதை வைத்தே கேமராவைத் தயார் செய்துவிடுவீர்கள்.

எஞ்சினை மட்டும் எடுப்பதுதான் உங்கள் படங்களை ஒன்றுபோல ஆக்குகிறது என்பது என் எண்ணம். டபிள்யூ.ஏ.ஜி-9 என்ற கூட்ஸ் மின்சார எஞ்சின் எங்கே நின்றாலும் டபிள்யூ.ஏ.ஜி-9தான். செவ்வாய்ப்பேட்டை கூட்ஸ் ஷெட்டில் அரிசி மூட்டை இறங்கும்போது லாரி வரிசை, தலையில் துண்டைச் சுற்றிய சுமைதூக்கும் தொழிலாளிகள், சிந்திய அரிசியைக் கொத்தும் புறாக்கள்: இதெல்லாம் சேலத்துப் படம். (ஆட்களை எடுக்கும்போது கேட்டுவிட்டு எடுங்கள். பெரும்பாலும் சிரித்துக்கொண்டே நிற்பார்கள்.)

வருடக்கணக்கில் எடுப்பவர் குறிப்பு வைக்காவிட்டால் பாதி உழைப்பு வீண். தேதி, இடம், எந்தப் பக்கம் போனது, எஞ்சின் எண், இந்த நான்கும் போதும். வேகனில் எழுதியிருக்கும் பதினோரு இலக்க எண்ணையும் ஒரு படமாவது தெளிவாக எடுங்கள். அதில் ஐந்தாவதும் ஆறாவதும் வேகன் செய்த வருடம். 14 என்றிருந்தால் 2014.

அப்புறம், ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போங்கள். விருத்தாசலம் லைனில் மின்கம்பம் வருவதற்கு முன், டீசல் எஞ்சின் இழுத்துவந்த ஒரு கூட்ஸைச் சேலம் டவுன் பக்கம் எடுத்திருந்தேன். அன்று அது எனக்கே பிடிக்கவில்லை, பாதி சட்டகம் வெறும் வானம். இப்போது அதே இடத்தில் நின்றால் அந்த வானம் முழுக்கக் கம்பி. அந்தப் படத்தைக் கேட்டு வாங்கிப் போனவர்கள் அதிகம். அதன் ஒரிஜினல் என்னிடம் இல்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பிச் சுருங்கிப்போன பிரதி ஒன்றுதான் மிஞ்சியது. கேமரா வாங்க வைத்திருக்கும் பணத்தில் முதலில் இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள்.