நடைபாதையில் கிடப்பவருக்கும் 108 வரும்: சென்னை வாசகர்களின் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஆம்புலன்ஸைப் பற்றியவை. மீதியில் பெரும்பகுதி நடைபாதையில் படுப்பவர்களைப் பற்றியவை. ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒருவருடைய கேள்வியை மட்டும் எடுத்திருக்கிறேன்.

108-க்குக் கூப்பிடுவதா, 112-க்குக் கூப்பிடுவதா? (வில்லிவாக்கம்)

உடம்புக்கு ஆபத்து என்றால் 108. ஆளால் ஆபத்து என்றாலும், என்ன நடக்கிறது என்றே புரியவில்லை என்றாலும் 112. தீ என்றால் 101. பதற்றத்தில் எல்லாம் மறந்துபோனால் 112 மட்டும் நினைவிருந்தால் போதும், அங்கிருந்து மற்றவர்களுக்குச் சொல்வார்கள். தவறான எண்ணுக்குப் போட்டுவிட்டோமோ என்று பாதியில் துண்டித்துவிட்டு வேறு எண்ணைத் தேடாதீர்கள். நேரம் அதில்தான் போகிறது.

108-க்குப் போன் செய்தால் பத்துக் கேள்வி கேட்கிறார்கள். முதலில் வண்டியை அனுப்பிவிட்டு மற்றதைக் கேட்டால் என்ன? (தியாகராய நகர்)

எங்கே அனுப்புவது? கேள்வி கேட்பவர் ஒருவர், பக்கத்தில் எந்த வண்டி நிற்கிறது என்று பார்த்துக் கிளப்புபவர் வேறொருவர். இடம் தெரிந்ததும் வண்டி கிளம்பிவிடும். மற்ற கேள்விகள் வண்டியில் வருபவர் தயாராக இருப்பதற்காக. தாமதம் பெரும்பாலும் இடத்தைச் சரியாகச் சொல்லாததால் வருகிறது.

"கத்திப்பாரா பாலத்துல ஆக்சிடென்ட், சீக்கிரம் வாங்க" என்று ஓர் அழைப்பு வரும். பாலத்துக்கு மேலேயா, கீழேயா? விமான நிலையம் போகிற பக்கமா, வடபழனிப் பக்கம் இறங்குகிற வளைவா? ஒரு வளைவு மாறி ஏறிவிட்டால் வண்டி இறங்கி, திரும்பி, மறுபடி ஏற வேண்டும். ஜி.எஸ்.டி. சாலையிலும் இதே கதை. நடுவில் தடுப்புச் சுவர் இருக்கிறது, தாம்பரம் போகும் பக்கமா, கிண்டி வரும் பக்கமா என்பதுதான் முதலில் சொல்ல வேண்டியது. தெருப் பெயர் தெரியாவிட்டால் எதிரில் இருக்கிற கடையின் பெயர்ப் பலகையைப் படியுங்கள், கீழே முகவரி இருக்கும். மின்கம்பத்து எண்ணும் மெட்ரோ தூணின் எண்ணும்கூட உதவும்.

போனை நீங்களாக வைக்காதீர்கள். வைத்த பிறகு தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் எடுங்கள், டிரைவராக இருக்கும். ஓர் ஆளைத் தெருமுனையில் நிறுத்தி வையுங்கள். இதைப் பல முறை எழுதிவிட்டேன், இன்னும் எழுதுவேன்.

விபத்தில் அடிபட்டவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டுமாமே? (ஆவடி)

வேண்டாம். 2016-ல் உச்ச நீதிமன்றம் இதற்கான வழிகாட்டு நெறிகளுக்குச் சட்ட வலு கொடுத்தது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்ற பிரிவே சேர்ந்தது. அடுத்த ஆண்டு விதிகளும் வந்துவிட்டன. பெயர் சொல்லும்படி உங்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது, பணம் கட்டச் சொல்லக் கூடாது, சேர்த்துவிட்டு நீங்கள் கிளம்பலாம். நீங்களாக விரும்பிச் சாட்சியாக வந்தாலும் ஒரு முறைதான் விசாரிக்கலாம். இந்த உரிமைகளை ஆஸ்பத்திரி வாசலில் தமிழிலும் எழுதி வைக்க வேண்டும் என்று விதி இருக்கிறது.

செலவைப் பற்றிய பயமும் வேண்டாம். 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் அடிபட்ட யாருக்கும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். தொடக்கத்தில் 1 லட்சம் ரூபாய் வரம்பு, பிறகு 2 லட்சமானது. அடிபட்டவர் எந்த மாநிலத்தவர் என்ற பேச்சே இல்லை. பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளுக்கும் இது பொருந்தும்.

ஒரே எச்சரிக்கை: கழுத்தை அசைக்காதீர்கள். ஆட்டோவில் மடக்கி ஏற்றுவது, ஹெல்மெட்டைப் பிடித்து இழுப்பது, தலையைத் தூக்கித் தண்ணீர் கொடுப்பது மூன்றும் கூடாது. வண்டி எரிகிறது அல்லது மூச்சு நின்றுவிட்டது என்றால் ஒழிய, ஆளை இருக்கிற இடத்திலேயே வைத்து 108-ஐ அழையுங்கள்.

பேருந்து நிறுத்தத்தில் குடித்துவிட்டு விழுந்து கிடப்பவர்களுக்கெல்லாம் ஆம்புலன்ஸ் கூப்பிட்டால், உண்மையான நோயாளிக்கு வண்டி கிடைக்குமா? (அண்ணா நகர்)

குடித்திருக்கிறார் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? பாரிமுனையில் ஒரு பேருந்து நிறுத்தத்தில் காலை எட்டு மணியிலிருந்து ஒருவர் கிடந்தார். அழுக்கு வேட்டி, பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பை. நூறு பேராவது தாண்டிப் போயிருப்பார்கள். பத்தரை மணிக்கு ஒரு கல்லூரிப் பெண் 108-க்குப் போட்டாள். 108 வண்டியில் நாங்கள் போனபோது அவருக்கு உடம்பெல்லாம் வியர்த்துச் சில்லென்று இருந்தது. விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 40-க்கும் கீழே. சட்டைப் பையில் சர்க்கரை நோய்ப் பிரிவின் ஓ.பி. சீட்டு, அன்றைய தேதி போட்டது. இரத்தப் பரிசோதனைக்காக வெறும் வயிற்றோடு கிளம்பி, பழக்கத்தில் மாத்திரையைப் போட்டுக்கொண்டவர். குளுக்கோஸ் ஏறிய சிறிது நேரத்தில் எழுந்து உட்கார்ந்து, பை எங்கே என்று கேட்டார்.

சர்க்கரை இறங்கினால் நாக்கு குழறும், நடை தள்ளாடும். பக்கவாதத்திலும் அப்படித்தான். தலையில் அடிபட்டாலும், வலிப்பு வந்து முடிந்தாலும் அப்படியே கிடப்பார்கள். உண்மையிலேயே குடித்தவரும் வாந்தி மூச்சுக்குழலில் போய்ச் சாகலாம். அதனால் தோளைத் தட்டிச் சத்தமாகக் கூப்பிடுங்கள். பதில் இல்லை, ஆனால் மூச்சு இருக்கிறது என்றால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் ஊற்றாதீர்கள். மூச்சும் இல்லையென்றால் நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, சுமார் 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்துங்கள், வண்டி வரும்வரை. வீடியோ எடுக்கிற கை போன் பேசட்டும்.

வால்டாக்ஸ் சாலைப் பக்கம் கடை வைத்திருக்கிறேன். நடைபாதைக் குடும்பங்களைப் பற்றி பத்து வருடமாகப் புகார் கொடுக்கிறேன். வண்டியில் ஏற்றிப் போகிறார்கள், பதினைந்து நாளில் திரும்பி வந்துவிடுகிறார்கள். நிரந்தரமாக அப்புறப்படுத்த மாநகராட்சி ஏன் தயங்குகிறது?

முதலில் 'அப்புறப்படுத்த' என்ற சொல்லை விடுங்கள். அது குப்பைக்கும் இடிபாட்டுக்கும் உரிய சொல். மாதத்தில் பத்துக் கடிதமாவது இந்தச் சொல்லோடு வருகிறது, ஒவ்வொரு முறையும் எனக்கு மனசு பொறுப்பதில்லை.

உங்கள் கடை வாசலில் இருப்பவர்களில் பலர் மூன்று தலைமுறையாக அதே சாலையில் இருப்பவர்கள். பாட்டி அங்கே பிறந்தவள், பேத்தி அங்கிருந்து பள்ளிக்கூடம் போகிறாள். மூட்டை தூக்குகிறார்கள், மீன்பாடி வண்டி ஓட்டுகிறார்கள், பூக் கட்டுகிறார்கள், வீட்டு வேலைக்குப் போகிறார்கள். உங்கள் கடைக்கு வருகிற சரக்கை இறக்குவதும் அவர்களாகத்தான் இருக்கும். வேலை இங்கே இருக்கிறது. 20, 25 கிலோமீட்டர் தள்ளிக் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் வீடு கிடைத்தவர்களில்கூடப் பிழைப்புக்காகத் திரும்பி வந்தவர்கள் உண்டு. விடியற்காலை மூன்று மணிக்கு மூட்டை இறக்க வேண்டியவர் எந்தப் பேருந்தைப் பிடித்து வருவார்?

நடைபாதையில் படுப்பவர்களைக் காப்பகத்துக்கு அழைத்துப் போகும் இரவு மீட்பு வண்டியில் நானும் போயிருக்கிறேன். பதினொரு மணி இருக்கும். ஒரு அம்மா, பாத்திர மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "காப்பகத்துக்கு வாங்கம்மா, பாய் இருக்கு, ஃபேன் இருக்கு" என்றேன். அவர் நாலு கேள்வி கேட்டார். என் வீட்டுக்காரர் எங்கே படுப்பார்? பன்னிரண்டு வயசுப் பையனை என்னோடு விடுவீங்களா? இந்த மூட்டையை எங்கே வைக்கிறது? காலையில நாலு மணிக்குப் பூ எடுக்கப் போகணும், கதவைத் திறந்து விடுவாங்களா? நாலுக்கும் என்னிடம் பதில் இல்லை. நம் காப்பகங்கள் பெரும்பாலும் ஆண், பெண், சிறுவர், முதியோர் என்று பிரித்தவை. குடும்பத்தோடு படுக்க இடம் மிகக் குறைவு. அந்த அம்மா வர மறுத்தது பிடிவாதம் இல்லை. அந்த இடத்தில் நீங்கள் இருந்தாலும் மறுத்திருப்பீர்கள்.

இடமாவது போதுமான அளவு இருக்கிறதா? நகரத்தில் லட்சம் பேருக்கு ஒன்று என்ற கணக்கில், 24 மணி நேரமும் திறந்திருக்கும் காப்பகம் வேண்டும் என்று 2010-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. விரிவாக்கப்பட்ட சென்னை மாநகராட்சியின் மக்கள்தொகை 2011 கணக்கின்படியே ஏறத்தாழ 67 லட்சம். இருக்கிற காப்பகங்கள் 50-ஐ ஒட்டித்தான். அவற்றைத் தொண்டு நிறுவனங்கள் நடத்துகின்றன. நல்ல மனதோடு நடத்துகிறவர்களை நான் அறிவேன். ஆனால் ஒருவருக்கு 50 சதுர அடி என்ற தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் அளவு எல்லா இடத்திலும் கிடைத்துவிடவில்லை.

வீடு இல்லாமல் படுத்திருப்பதற்காக மட்டும் ஒருவரைக் கட்டாயமாக வண்டியில் ஏற்றச் சட்டத்தில் இடமில்லை. 1945-ஆம் ஆண்டுப் பிச்சை தடுப்புச் சட்டம் பிச்சை எடுப்பதைப் பற்றியது, படுப்பதைப் பற்றியது அல்ல. பெரிய விழாவுக்கு முந்தைய இரவு அவசரமாக ஏற்றிப் போகும்போது, தண்ணீர் பிடிக்கப் போன பிள்ளை திரும்பி வந்து அம்மாவைத் தேடி அழுததை நான் பார்த்திருக்கிறேன். அதனால் உங்கள் தெருவில் வண்டி வந்து நின்றால், எங்கே கொண்டுபோகிறீர்கள், யார் பொறுப்பு என்று கேட்டு எழுதி வையுங்கள். அது பிறகு அந்தக் குடும்பத்துக்குத் தேவைப்படும்.

புகார் எழுதுகிற அதே கையால் வேறொன்றும் எழுதலாம். குடும்பங்களுக்கான காப்பகம் இந்த வார்டிலேயே வேண்டும், பூட்டு போட்ட அலமாரி வேண்டும், அதிகாலை நாலு மணிக்குக் கதவு திறக்க வேண்டும், பொதுக் கழிப்பறை இரவில் மூடக் கூடாது, மழைக்கு முன்பே மாநகராட்சிப் பள்ளியைத் திறந்து வைக்க வேண்டும். 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் வீடு இருந்தவர்களே தவித்தோம், இவர்களுக்கு ஏறி நிற்க மாடிகூட இல்லை. கடைக்காரர்கள் பத்துப் பேர் கையெழுத்துப் போட்டால் கவுன்சிலர் படிப்பார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நள்ளிரவு விபத்துகளுக்கு 108-ஐ முதலில் கூப்பிடுவது யார் தெரியுமா? பல நேரம் அந்த நடைபாதையில் படுத்திருப்பவர்தான். ஓடிவந்து, வண்டியை மறித்து, கை காட்டி வழி சொல்வதும் அவர்தான்.

மனநிலை சரியில்லாத ஒரு பெண் எங்கள் தெருவில் ஒரு வாரமாகச் சுற்றுகிறார். யாரிடம் சொல்வது? (குரோம்பேட்டை)

ஒரு வாரமாகவா? முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். தெருவில் தனியாக ஒரு பெண் கழிக்கிற ஒவ்வொரு இரவும் ஆபத்து. 112-க்கு அழைத்துப் பெண் போலீஸோடு வரச் சொல்லுங்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100-வது பிரிவு தெளிவாக இருக்கிறது: தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாமல் அலைகிறவரைப் போலீஸ் பாதுகாப்பில் எடுக்க வேண்டும், 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும், லாக்-அப்பில் வைக்கக் கூடாது. ஆதரவற்றவர் என்றால் காணாமல் போனவர் என்று வழக்குப் பதிந்து குடும்பத்தைத் தேட வேண்டும். ஸ்டேஷனில் "எங்க வேலை இல்லை" என்றால் இந்தப் பிரிவு எண்ணைச் சொல்லுங்கள். அவர்கள் வரும்வரை தூரத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள், சுற்றிக் கூட்டம் சேர விடாதீர்கள்.

எங்கள் ஏரியாவில் தெரு விளக்கு எரிவதில்லை. பெண்கள் நடக்கப் பயப்படுகிறார்கள். நடவடிக்கை எடுக்கவும். (ஊர் பெயர் இல்லை)

எந்த ஏரியா? எத்தனை நாளாக? மாநகராட்சியின் புகார் எண்ணான 1913-க்கு அழைத்து மின்கம்பத்தின் எண்ணைச் சொல்லிப் புகார் எண்ணை வாங்குங்கள். எனக்கு எழுதினால் விளக்கு எரியாது. பயமாக இருக்கிற பெண்கள் 'காவல் உதவி' செயலியைப் போனில் வைத்துக்கொள்ளட்டும். ஆனால் இறக்கினால் மட்டும் போதாது, பதிவு செய்து, இடம் காட்டும் வசதியையும் திறந்து வைக்க வேண்டும்.

ஆம்புலன்ஸ் பின்னாலேயே பைக்கில் போனால் தப்பா? (போரூர்)

தப்பு. வண்டி திடீரென்று நின்றால் நீங்கள்தான் அடுத்த நோயாளி. வழிவிடாமல் போனால் அபராதம் 10,000 ரூபாய் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அப்பா அரசு மருத்துவமனையில் படுத்திருக்கிறார். கூட இருக்கும் நாங்கள் வராந்தாவில் படுக்கிறோம். (திருவள்ளூர்)

சென்னையின் பெரிய அரசு மருத்துவமனைகள் சிலவற்றின் அருகே, உடன் இருப்பவர்களுக்காகவே மாநகராட்சிக் காப்பகம் இருக்கிறது. கட்டணம் இல்லை. வார்டு நர்ஸிடமோ 1913-லோ கேளுங்கள்.

எங்கள் கடை வாசலில் படுக்கும் பெரியவருக்கு வாக்காளர் அட்டை வாங்கித் தர ஆசை. முகவரிச் சான்று இல்லாமல் முடியுமா? (ராயபுரம்)

முடியும். நீங்கள் கேட்டதற்கு மிகவும் சந்தோஷம். படிவம் 6-ஐ நிரப்பி, அவர் படுக்கும் இடத்தையே முகவரியாக எழுதுங்கள். வீடற்றவருக்கு முகவரிச் சான்று கட்டாயமில்லை. வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் வந்து, அவர் அங்கேதான் தூங்குகிறாரா என்று பார்ப்பார். ஒரு முறையோடு நிறுத்தாமல் மறுபடியும் வருவார். ஆகவே அந்த நாட்களில் பெரியவர் அங்கேயே இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். மழை பெய்து வேறு இடம் போக நேர்ந்தால், எங்கே இருக்கிறார் என்று பக்கத்து டீக்கடையில் சொல்லிவிட்டுப் போகச் சொல்லுங்கள்.