எங்கள் எம்.பி. மக்களவையில் கேட்ட கேள்விகளையும் அரசின் பதில்களையும் எப்படிப் பார்ப்பது?

நாடாளுமன்றத்தின் சன்சத் இணையதளத்தில் மக்களவை, கேள்விகள் பகுதிக்குப் போய் உறுப்பினர் பெயரைத் தேர்ந்தெடுங்கள். பதில்கள் பிடிஎஃப் கோப்பாகக் கிடைக்கும். அமைச்சகம் வாரியாகவும் தேடலாம்.

எண்ணிக்கையை மட்டும் வைத்து யாரையும் எடைபோடாதீர்கள். அமைச்சர்கள் கேள்வி கேட்பதில்லை, அதனால் அவர்கள் கணக்கில் பூஜ்யம்தான் இருக்கும். ஒரு நாளுக்கு நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் 20, குறியிடாதவை 230 மட்டுமே பட்டியலில் ஏறும். அதற்கு மேல் வந்தால் குலுக்கல்தான் தீர்மானிக்கும். நட்சத்திரக் கேள்விக்கு அமைச்சர் அவையிலேயே பதில் சொல்வார், துணைக்கேள்வியும் கேட்கலாம். மற்றவற்றுக்கு எழுத்துப்பூர்வ பதில் மட்டும்.

பதிலைப் படிக்கும்போது இணைப்புப் பட்டியலை விட்டுவிடாதீர்கள். மாநில, மாவட்ட வாரியான புள்ளிவிவரம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். “தகவல் திரட்டப்பட்டு வருகிறது” என்று இருந்தால் விஷயம் முடிந்துவிடவில்லை. அது அரசு தந்த உறுதிமொழியாகக் கருதப்படும். 3 மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், அதைக் கண்காணிக்க உறுதிமொழிக் குழு இருக்கிறது. “இது மாநில அரசின் பொறுப்பு” என்று பதில் வந்தால், அதே கேள்வியை உங்கள் எம்.எல்.ஏ. மூலம் சட்டமன்றத்தில் எழுப்பச் சொல்லுங்கள்.

என்னைக் கேட்டால், ஒரே பிரச்சினையைக் கூட்டத்தொடர் தோறும் விடாமல் கேட்கும் உறுப்பினரே மதிப்பு மிக்கவர்.