பார்க்காமல் மூலம் என்று சொல்பவரை நம்பாதீர்கள்

38 வயது, சில மாதங்களாக மலத்தோடு ரத்தம் போகிறது, வலி இல்லை, வீட்டில் எல்லோரும் மூலம் என்கிறார்கள், ஆசனவாய் வழியாகக் குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்க (கொலோனோஸ்கோபி) வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேமரா வேண்டுமா என்பதை மருத்துவர் சொல்லட்டும். ஆனால் உங்களைப் படுக்க வைத்து, உறை போட்ட விரலால் மலக்குடலைச் சோதிக்காமல் 'மூலம்' என்று சொல்கிறவர் மருத்துவராகவே இருந்தாலும் அதை ஏற்காதீர்கள். வலி இல்லையே என்று ஆறுதல் அடையவும் வேண்டாம். உள்மூலமும் வலிக்காது, புற்றும் தொடக்கத்தில் வலிக்காது.

நான் மருத்துவர் அல்ல. கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். என் அக்கா சத்துணவு மையத்தில் வேலை பார்த்தவர். ரத்தம் போகத் தொடங்கியதும் சூட்டு உடம்பு என்றார்கள். அம்மா துத்திக்கீரையைச் சின்ன வெங்காயத்தோடு நெய்யில் வதக்கிக் கொடுத்தார், கருணைக்கிழங்கு மசியல் செய்தார். பிள்ளைக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று செய்த தாயை நான் குறை சொல்ல மாட்டேன். என் கோபமெல்லாம் நாங்கள் பணம் கட்டிப் பார்த்த மருத்துவர் மீதுதான். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தபடியே களிம்பும் மலமிளக்கியும் எழுதினார். அடுத்த முறை போனபோது ரத்தசோகை என்று இரும்புச்சத்து மாத்திரை சேர்ந்தது. ரத்தம் எங்கிருந்து குறைகிறது என்ற கேள்வி அவருக்கு எழவில்லை. போய்விட்டு வந்த பிறகும் இன்னும் இருப்பது போலவே இருக்கிறது, மலம் மெலிந்து வருகிறது என்று அக்கா கூச்சத்தை விட்டுச் சொன்னார். அதையும் மூலக்கணக்கிலேயே எழுதினார்.

கடைசியில் புதுச்சேரி ஜிப்மரில் ஒரு பெண் மருத்துவர் விரலால் சோதித்தார். கட்டி விரல் நுனியில் தட்டுப்பட்டது. அக்காவுக்கு மூலமும் இருந்தது, மலக்குடல் புற்றும் இருந்தது. மூலம் இருப்பவருக்குப் புற்று இருக்காது என்று எந்த விதியும் இல்லை. கதிர்வீச்சு, மருந்து, அறுவைச் சிகிச்சை எல்லாம் முடிந்து, இன்று வயிற்றில் மலம் சேரும் பையோடு நிரந்தரமாக வாழ்கிறார். உயிரோடு இருக்கிறார், வேலைக்கும் போகிறார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பை வைத்த ஒரு பெண் வெளியூர் போய் வருவதென்றால், நடுவில் அதைக் காலி செய்யத் தண்ணீரும் தாழ்ப்பாளும் உள்ள கழிப்பறை வேண்டும். நம் பேருந்து நிலையங்களில் அது எங்கே இருக்கிறது? இருக்கிற ஒன்றும் பூட்டிக் கிடக்கும். சுவரெல்லாம் 'மூலம், பௌத்திரம், அறுவை இல்லாமல் குணம்' சுவரொட்டி. நோய் இல்லாத பெண்களே வழியில் போக முடியாதென்று தண்ணீர் குடிக்காமல் பயணம் செய்கிறார்கள். கேட்ட கேள்விக்கு இது சம்பந்தமில்லைதான், இருக்கட்டும்.

அக்காவுக்கு நோய் தெரிந்தபோது வயது 46, எனக்கு 41. பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ வந்திருந்தால் 40 வயதில், அல்லது அவர்களுக்கு வந்த வயதுக்கு 10 ஆண்டு முன்னதாக, எது முந்தியதோ அப்போது கேமரா பரிசோதனை தொடங்க வேண்டும் என்று மருத்துவர் விளக்கினார். எனக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. ஆனாலும் செய்துகொண்டேன். முந்தின நாள் வடிகட்டிய ரசமும் இளநீரும்தான். பிறகு உப்பும் எலுமிச்சையும் கலந்தாற்போல் ருசிக்கும் பேதி மருந்து, லிட்டர் கணக்கில். பரிசோதனையைவிட அந்த இரவுதான் கஷ்டம். மறுநாள் திரையில் என் குடலை நானே பார்த்தேன். ஈரமான இளஞ்சிவப்புச் சுவர், அதன் மடிப்பில் சின்னக் காளான் போல ஒரு சதை. கம்பிச் சுருக்கைப் போட்டு அங்கேயே அறுத்து எடுத்தார்கள், வலி தெரியவில்லை. அடினோமா, அதாவது இன்னும் புற்றாகாத, ஆனால் புற்றாக மாறக்கூடிய கட்டி என்று முடிவு வந்தது. பெருங்குடல் புற்றுகளில் பெரும்பாலானவை இப்படிப்பட்ட சதை வளர்ச்சியில்தான் (பாலிப்) தொடங்குகின்றன. புற்றாக மாறப் பொதுவாகப் பத்து ஆண்டு அளவுக்கு ஆகும். எடுத்துவிட்டால் அது புற்றாக மாற வழியில்லை. வருமுன் காப்பது என்பதை என் உடம்பிலேயே கண்டேன்.

'பயமுறுத்துகிறாய், பத்தில் ஒன்பது பேருக்கு மூலம்தான்' என்று சிலர் எழுதுவார்கள். பெரும்பாலும் மூலம்தான், ஒப்புக்கொள்கிறேன். எந்தப் பக்கம் நீங்கள் என்பது சோதித்தால்தானே தெரியும்? 'சைவம் சாப்பிட்டால் வராது' என்பவர்களுக்கு: பதப்படுத்திய இறைச்சி புற்றை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015இல் அறிவித்தது உண்மை. மதுவும் புகையும் உடல் பருமனும் காரணங்கள். விலை குறைவென்று எங்கள் ஊரிலிருந்து புதுச்சேரிக்குப் போய்க் குடிப்பவர்கள் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆனால் மதுவும் கறியும் தொடாத என் அக்காவுக்கே வந்தது.

அமெரிக்காவில் அறிகுறி இல்லாதவர்களுக்கான பரிசோதனை வயதை 2021இல் 50லிருந்து 45ஆகக் குறைத்தார்கள். 38தானே என்று அதைக் காட்டி உங்களைத் திருப்பி அனுப்பினால் கேட்காதீர்கள், ரத்தம் போகிறவருக்கு அந்த வயதுக் கணக்கு பொருந்தாது. குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்று இருந்ததா என்று வீட்டுப் பெரியவர்களிடம் விசாரித்துக்கொண்டு போங்கள். கேமரா என்று முடிவானால், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவரானால் முன்பே சொல்லிவிடுங்கள். மயக்க மருந்து கொடுத்தால் அன்று வண்டி ஓட்டக் கூடாது. துணைக்கு ஒருவரை அழைத்துப் போங்கள்.