கேள்வி பதில்: பளபளப்பை விடுங்கள், நம்பரைப் பாருங்கள்

கேள்வி: அமெரிக்க ஏலம் ஒன்றுக்கு முழுவதும் புதுப்பித்த 1970 செவர்லே ஷெவெல் எஸ்.எஸ். 454 வருகிறது. 450 குதிரைத்திறன் கொண்ட எல்.எஸ்.6 இன்ஜின், ஆலையில் பொருத்திய அதே இன்ஜின் என்கிறார்கள். சேஸ் நம்பர் 13637 என்று தொடங்குகிறது. நம்பலாமா?

சேஸ் நம்பரை மட்டும் வைத்து நம்பாதீர்கள். 1970-ல் எஸ்.எஸ். (சூப்பர் ஸ்போர்ட்) தனி மாடல் அல்ல. ஷெவெலின் மாலிபு வகைக்குக் கூடுதல் பணம் கட்டி வாங்கிய பேக்கேஜ். 13637 என்பதற்கு வி-8 மாலிபு ஸ்போர்ட் கூப்பே என்பதற்கு மேல் பொருள் இல்லை. சிறிய 307 கன அங்குல இன்ஜினோடு வந்த வண்டிக்கும் அதே தொடக்கம்தான். எஸ்.எஸ். பேட்ஜ், பானெட் கோடுகள், வட்ட மீட்டர்கள் எல்லாம் இன்றும் புதிதாக விற்கின்றன. போலி இவ்வளவு பெருகியதற்கு அதுதான் காரணம்.

இன்ஜின் பிளாக்கின் முன்புறம், வலது சிலிண்டர் ஹெட்டுக்குக் கீழே சிறிய தட்டையான பரப்பு ஒன்று உண்டு. இன்ஜினின் குறியீட்டு எழுத்துகள் அங்கே குத்தப்பட்டிருக்கும். மேனுவல் கியர் எல்.எஸ்.6 என்றால் சி.ஆர்.வி. எழுத்தை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். ஆலையில் அந்தப் பரப்பைச் சீவியபோது விழுந்த மெல்லிய இணைகோடுகள் தெரிகின்றனவா என்று டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். ரீபில்டில் பிளாக்கின் மேற்பரப்பைச் சீவினால் அந்த இணைகோடுகளும் நம்பரும் சேர்ந்தே போய்விடும். இணைகோடுகள் இல்லாமல் நம்பர் மட்டும் புதுசாக நின்றால், பிறகு குத்தியது என்றே எடுத்துக்கொள்ளலாம். நம்பரே இல்லாத பிளாக் அதைவிட நேர்மையானது. விலையை மட்டும் குறைத்துக் கேளுங்கள்.

அடுத்து பிளாக்கின் வார்ப்புத் தேதி. சி 12 0 என்றால் 1970 மார்ச் 12. இன்ஜின் ரூம் தடுப்புச் சுவரில் உள்ள தகட்டில் 04பி என்றிருந்தால் பாடி ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் உருவானது. இவை பொருந்தும். பிளாக் மே மாதத்தில் வார்த்தது என்றால் அது வேறு வண்டியின் இன்ஜின்.

முடிவான சாட்சி, ஆலையின் பில்ட் ஷீட்; அந்த வண்டியில் என்னென்ன பொருத்த வேண்டும் என்று எழுதிய தாள். பெட்ரோல் டேங்க் மேலேயோ சீட் ஸ்பிரிங்குக்குள்ளோ சிக்கிக் கிடந்து கிடைப்பதுண்டு. போன்டியாக்குக்கு பி.எச்.எஸ்., 1967 முதலான ஃபோர்டுக்கு மார்ட்டி ரிப்போர்ட் என்று ஆலைப் பதிவிலிருந்தே காகிதம் வாங்கலாம். அமெரிக்காவில் விற்ற செவர்லேக்கு அப்படி ஒன்று இல்லை. ஆகவே காகிதம் இல்லாத எல்.எஸ்.6-க்கு எல்.எஸ்.6 விலை தராதீர்கள்.

கேள்வி: பெயின்ட்டுக்குக் கீழே பட்டி பூசியிருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?

பெயின்ட் தடிமன் மீட்டர் எடுத்துப் போங்கள். ஆலைப் பெயின்ட் சுமார் 100–150 மைக்ரான். புதுப் பெயின்ட் அதைவிடத் தடிமனாக இருப்பது இயல்பு. ஓரிடத்தில் மட்டும் 1,000 தாண்டினால் உள்ளே பட்டிதான். பின்சக்கர வளைவு, பின்கண்ணாடியின் கீழ்விளிம்பு, டிக்கித் தரை ஆகியவற்றை விடாதீர்கள். கூரையில் வினைல் ஒட்டிய வண்டியில் பின்கண்ணாடியைச் சுற்றித் துரு இருக்கும் என்று எண்ணியே தொடங்குங்கள். வினைலுக்கு அடியில் நீர் தங்கிவிடும்.

கேள்வி: ஏலத்தில் ‘மூன்று தரம்’ என்று முடித்த விலைதான் கட்ட வேண்டியதா?

இல்லை. வாங்குபவர் கமிஷன் தனி. 10 சதவீதம் என்றால் 1,00,000 டாலர் 1,10,000 ஆகும். வரி, லாரி வாடகை அதற்கும் மேல். பெரும்பாலும் ஓட்டிப் பார்க்க விடமாட்டார்கள். இருக்கிற நிலையிலேயே விற்பனை.

கேள்வி: வாங்கியதும் ஓட்டலாமா?

இன்ஜின் ரீபில்டுக்குப் பிறகு ஓடியதா என்று முதலில் கேளுங்கள். இல்லை என்றால், வால்வுகளைத் திறக்கும் இந்தத் தட்டை டேப்பட் கேம்ஷாஃப்டை முதல் ஸ்டார்ட்டிலேயே 2,000 ஆர்.பி.எம்.-க்குக் குறையாமல் 20–30 நிமிடம் ஓட விட வேண்டும்; ஐடிலில் விட்டால் கேமின் முனைகள் தேய்ந்துபோகும். புதிய கார்களுக்கான ஆயிலில், தேய்மானத்தைத் தடுக்கும் துத்தநாகம் குறைவு. பழைய இன்ஜினுக்கென்றே விற்கும் ஆயில் ஊற்றுங்கள். எல்.எஸ்.6-ன் கம்ப்ரஷன் 11.25:1. பிஸ்டனை மாற்றிக் குறைக்காமல் விட்டிருந்தால், அமெரிக்க பங்க்கில் கிடைக்கும் 91 ஆக்டேன் பெட்ரோலில் லோடு ஏறும்போது நாக்கிங் (இன்ஜினுக்குள் தட்டும் சத்தம்) வரும். ரேஸ் பெட்ரோல் கலக்க வேண்டும், அல்லது இக்னிஷன் டைமிங்கைப் பின்தள்ளிக் கொஞ்சம் சக்தியை விட்டுக்கொடுக்க வேண்டும்.