டிரில் பிட்டுக்கு நுனிதான் அடையாளம்

கேள்வி: பழைய கருவிப் பெட்டியில் ஏகப்பட்ட டிரில் பிட்டுகள் கலந்து கிடக்கின்றன. எழுத்தெல்லாம் அழிந்துவிட்டது. எது சுவருக்கு, எது இரும்புக்கு, எது மரத்துக்கு என்று எப்படிப் பிரிப்பது?

பதில்: நிறத்தை நம்பிப் பிரிக்காதீர்கள். கறுப்பும் தங்க நிறமும் பெரும்பாலும் மேல்பூச்சுதான். நுனியைப் பாருங்கள்.

முதலில் சுவர் பிட்டுகளை ஒதுக்குங்கள். அவற்றின் நுனியில் குறுக்கே கார்பைடு என்ற மிகக் கடினமான பொருளின் துண்டு ஒன்றைப் பதித்துப் பற்றவைத்திருக்கும். அது தண்டைவிட இருபுறமும் இழையளவு அகலமாக இருக்கும். நகத்தை நுனியிலிருந்து கீழே இழுத்தால் அந்தப் படி தட்டுப்படும். விளிம்பு மொட்டையாகத் தெரிகிறதே என்று சாணை பிடிக்க வேண்டாம். கான்கிரீட்டை அது சீவுவதில்லை, அடித்து நொறுக்குகிறது.

இரும்பு பிட் முழுக்க ஒரே எஃகு. பற்றவைத்த தடம் இருக்காது, நுனி கூம்பாக இருக்கும். கூம்பின் கோணம் 118 டிகிரி என்றால் பொதுவான வேலைக்கு: சாதா இரும்பு, அலுமினியம், பிளாஸ்டிக், அவசரத்துக்கு மரமும் போடலாம். 135 டிகிரி நுனி சற்றுத் தட்டையாகத் தெரியும். அது கடினமான எஃகுக்கு.

மர பிட்டின் நடுவில் ஊசிமுனையும் ஓரங்களில் இரண்டு கொம்புகளும் இருக்கும். ஊசி இடத்தைப் பிடித்துக்கொள்ள, கொம்புகள் மரநாரை முதலில் அறுத்துவிடும். அதனால் துளையின் வாய் பிய்யாது. தட்டையான துடுப்பு பிட் பெரிய துளையைச் சீக்கிரம் போடும், ஆனால் சுத்தமாக இருக்காது. அடிப்பாகம் சமதளமாக வேண்டுமென்றால் ஃபோர்ஸ்ட்னர் பிட்; அலமாரிக் கதவில் கீலின் கிண்ணத்துக்கு 35 மி.மீ. துளை போடுவது இதில்தான். தட்டையான வேல் போன்ற நுனி இருந்தால் அது டைல்ஸுக்கும் கண்ணாடிக்கும்.

அளவு தெரியாவிட்டால் வெர்னியர் அளவுகோலை நுனியில் வைத்து அளக்கவும், தண்டில் அல்ல.

கேள்வி: எவர்சில்வர் தகட்டில் புது 6 மி.மீ. பிட்டை வைத்ததும் நுனி நீலமாகி மழுங்கிவிட்டது. பிட் மட்டமானதா?

பதில்: பிட்டைவிட வேகத்தின் மீதுதான் சந்தேகம். 6 மி.மீ. பிட்டுக்கு சாதா இரும்பில் நிமிடத்துக்குச் சுமார் 1,300 சுற்று வரை போகலாம். எவர்சில்வரில் 500 சுற்றே போதும், 10 மி.மீ. என்றால் 300. வேகமாகச் சுற்றி லேசாக அழுத்தினால் பிட் வெட்டாமல் உரசும். உரச உரச அந்த இடம் இறுகி, முன்பைவிட மிகவும் கடினமாகிவிடும். பிறகு எந்த பிட்டைக் கொண்டுவந்தாலும் அதே துளையில் திணறும்.

எனவே மெதுவாகச் சுற்றி, விடாமல் அழுத்துங்கள். கட்டிங் ஆயில் சொட்டு சொட்டாக விடுங்கள். சீவல் சுருள் சுருளாக வெளியே வந்தால் வெட்டுகிறது, பொடியாக வந்தால் உரசுகிறது. 5 சதவீதம் கோபால்ட் கலந்த எம்35 பிட் இந்த வேலைக்கு நன்றாகத் தாங்கும். துளையிடும் இடத்தில் புள்ளி குத்தும் சென்டர் பஞ்சையும் ஒரே தட்டாக, லேசாகத் தட்டுங்கள். ஓங்கி அடித்தால் அந்தப் புள்ளியே இறுகிவிடும்.

இன்னொன்று: மெஷின் ரிவர்ஸில் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பல நல்ல பிட்டுகள் இப்படித்தான் கருகுகின்றன.

கேள்வி: டைல்ஸில் துளை நன்றாக விழுந்தது. ஸ்குரூவை முடுக்கும்போதுதான் விரிசல் விட்டது. ஏன்?

பதில்: ஸ்குரூவுக்காகத் துளையில் செருகும் பிளாஸ்டிக் பிளக்கின் வாய் டைல்ஸுக்குள்ளேயே நின்றிருக்கும். ஸ்குரூ ஏற ஏற பிளக் விரியும், டைல்ஸ் அதைத் தாங்காது. டைல்ஸில் மட்டும் துளையைப் பிளக்கைவிட ஓர் அளவு பெரிதாகப் போட்டு, பிளக்கைச் சுவருக்குள் முழுவதும் தள்ளிவிடுங்கள். டைல்ஸைத் தாண்டும்வரை டிரில்லின் ஹேமர் (அடித்துக்கொண்டே துளைக்கும் முறை) கூடவே கூடாது. விட்ரிஃபைட் டைல்ஸில் வேல் நுனி சீக்கிரம் மழுங்கும். வைரத்துகள் பதித்த குழாய் பிட்டைத் தண்ணீர் விட்டுக்கொண்டே ஓட்டுங்கள்.

கேள்வி: அடியில் பள்ளங்கள் வெட்டிய பிட்டைச் சாதாரண டிரில்லில் மாட்டலாமா?

பதில்: வேண்டாம். அது எஸ்டிஎஸ் பிட். ரோட்டரி ஹேமர் என்ற அடித்துத் துளைக்கும் மெஷினின் சக்கில் (பிட்டைக் கவ்வும் பகுதியில்) முன்னும் பின்னும் நகர்ந்து அடி வாங்குவதற்காகவே அந்தப் பள்ளங்கள். மூன்று தாடை சக் அதைச் சரியாகக் கவ்வாது. பிட் வழுக்கும், சக்கும் கெடும்.

கேள்வி: 6 மி.மீ. பிளக்குக்கு 6 மி.மீ. பிட்தான் போட்டேன். ஆனாலும் பிளக் ஆடுகிறது.

பதில்: மென்மையான செங்கல்லிலோ ஹாலோ பிளாக்கிலோ ஹேமரை ஓட்டியிருப்பீர்கள், துளையின் ஓரம் உதிர்ந்து அகலமாகியிருக்கும். அதே பிட்டை ஹேமர் இல்லாமல் ஓட்டுங்கள். துளை பிளக்கின் நீளத்தைவிட 5 முதல் 10 மி.மீ. ஆழமாக இருக்கட்டும், தூசியை ஊதி எடுத்த பிறகே பிளக்கைச் செருகுங்கள். ஏற்கெனவே அகன்றுவிட்ட துளையை 8 மி.மீ. ஆக்கி, 8 மி.மீ. பிளக்கும் அதற்கேற்ற தடித்த ஸ்குரூவும் போடுங்கள்.