பாறைக் காட்டு நீலப் பூவும் செத்துப்போன கிடாக்குட்டியும்

கேள்வி: ஐயா, எங்கள் மேய்ச்சல் காடு முழுக்கப் பாறையும் சரளையும்தான். மழை பெய்ததிலிருந்து தரையோடு தரையாக ஒரு செடி நீலமாகப் பூத்துக் கிடக்கிறது. அதே வாரம் கொழுகொழுவென்று இருந்த கிடாக்குட்டி ஒன்று விடியற்காலையில் செத்துக் கிடந்தது. இது விஷப்பூண்டு, கிளைபோசேட் களைக்கொல்லி அடியுங்கள் என்கிறார் மருந்துக் கடைக்காரர். படம் அனுப்பியிருக்கிறேன். அடிக்கலாமா?

பதில்: அடிக்காதீர்கள். படத்தில் இருப்பது விஷ்ணுகிரந்தி. சந்தேகம் இருந்தால் காலையிலேயே போய்ப் பாருங்கள், வெயில் ஏறினால் பூ சுருங்கிவிடும். சுண்டுவிரல் நகம் அளவுப் பூ, வட்டமாக விரிந்து நடுவில் வெளுத்திருக்கும். இலையில் பட்டுப்போல முடி. கம்பி மாதிரித் தண்டுகள் ஒரே வேரிலிருந்து நாலாபக்கமும் ஓடும், எதையும் சுற்றி ஏறாது. கானாவாழையும் நீலம்தான், ஆனால் அதற்குத் தண்டு சதைப்பற்றாக இருக்கும், இரண்டு இதழ்தான் எடுப்பாகத் தெரியும்.

சித்த வைத்தியத்தில் காய்ச்சலுக்குக் கொடுக்கிற மூலிகை இது. குட்டி சாவுக்கு இதைக் குற்றம் சொல்ல உங்கள் கடிதத்தில் எதுவும் இல்லை. துள்ளுமாரி என்கிற குடல்நச்சு நோய்க்குத் தடுப்பூசி போட்டீர்களா? அதைத்தான் நீங்கள் எழுதவே இல்லை. மழைக்குப் பின் வரும் இளம்புல்லை வயிறு முட்டத் தின்கிற கொழுத்த குட்டியைத்தான் அந்த நோய் முதலில் அடிக்கும், நோய் என்று தெரிவதற்குள் உயிர் போய்விடும். இனி ஒன்று செத்தால் உடனே புதைக்காமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டு அறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மற்றவற்றுக்கு ஊசி போடுங்கள், முதல்முறை போடுகிற குட்டிகளுக்கு இரண்டு மூன்று வாரத்தில் மறு ஊசியும் வேண்டும். காலையில் காய்ந்த தட்டை கொஞ்சம் தின்ன வைத்து அப்புறம் ஓட்டுங்கள்.

சரி, கடைக்காரர் விஷயம். செடியைப் பார்க்காமலே மருந்து சொல்கிறவரிடம் மேய்ச்சல் நிலத்துக்கு யோசனை கேட்காதீர்கள், அவருக்கு டப்பா விற்றால் போதும். கிளைபோசேட் பூவை மட்டும் தேடிப் பிடித்துக் கொல்லாது, புல்லும் நரிப்பயறும் சேர்ந்தே கருகும். சரளை நிலத்தில் மேல்மண் இருப்பதே விரல்கடை அளவு, அதைப் பிடித்து வைத்திருப்பது இந்த மாதிரிச் சின்னச் செடிகளின் வேர்தான், அது போனால் அடுத்த மழையில் மண் போகும், மொட்டையான இடத்தில் பார்த்தீனியம் வந்து உட்காரும், அதை ஆடும் தின்னாது, ஆளுக்கும் அரிப்பு. பூண்டு அதிகமாகத் தெரிகிறது என்றால் புல்லை ஆடு ஒட்டக் கடித்துவிட்டது என்று அர்த்தம். காட்டை நாலாகப் பிரித்து மாற்றி மாற்றி மேயுங்கள், ஒரு பாகமாவது புல் பூத்து விதை உதிர்க்கும்வரை ஆடு இறங்காமல் இருக்கட்டும்.