மட்கார்டு போல்ட்: தலை எந்தப் பக்கம், நட்டு எந்தப் பக்கம்?

வாசகர் ஒருவரின் கேள்வி: "1930-ஐ ஒட்டிய பழைய கார் ஒன்றைப் பிரித்துப் பூட்டிக்கொண்டிருக்கிறேன். மட்கார்டுகளுக்கு டிங்கரிங், பெயிண்டிங் எல்லாம் முடிந்துவிட்டது. கழற்றும்போது சில போல்ட்டுகளின் தலை வெளியே இருந்தது, சிலவற்றில் நட்டு வெளியே இருந்தது. எது சரி? தப்பாகப் பூட்டிவிட்டுப் புதுப் பெயிண்டோடு மறுபடி கழற்ற எனக்குத் தெம்பில்லை."

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கண்ணுக்குத் தெரியும் பக்கம் போல்ட்டின் தலை, மறைவில் நட்டு. மேலிருந்து கீழே இறங்கும் போல்ட் என்றால் தலை மேலே. டயர் சுழலும் பக்கம் மரை நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. பெரும்பாலான இடங்களில் இந்த மூன்றும் ஒத்துப்போகும். எங்காவது முட்டிக்கொண்டால் டயர் சொல்வதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

ஆனால் இது பொது வழக்கம்தான். உங்கள் காரில் என்ன இருந்தது என்பதற்குச் சாட்சி அந்தக் காரேதான். பெயிண்ட் அடிப்பதற்கு முன்பு நீங்கள் எடுத்த படங்களைத் தேடுங்கள். படம் இல்லையென்றால் துளைகளைப் பாருங்கள். சதுரத் துளை இருந்தால் விஷயம் அங்கேயே முடிந்துவிட்டது. உருண்டைத் தலையும் அதன் கீழே சதுரக் கழுத்தும் உள்ள போல்ட்டுக்காகப் போட்ட துளை அது. சதுரத் துளை எந்தத் தகரத்தில் இருக்கிறதோ அந்தப் பக்கம்தான் தலை. கழுத்து துளையில் உட்கார்ந்துகொண்டு போல்ட்டைச் சுற்றவிடாமல் பிடித்துக்கொள்ளும், அடியிலிருந்து ஒரே ஆள் நட்டை முறுக்கிவிடலாம். வட்டத் துளை என்றால் பெயிண்ட் படாத மூலைகளில் பழைய தடயம் தேடுங்கள். நட்டும் வாஷரும் அமுங்கிய இடத்தில் வட்டமாக ஒரு பள்ளம், அதைச் சுற்றித் துரு வளையம் இருக்கும். தலை உட்கார்ந்த இடத்தில் அந்த அளவுக்குச் சிராய்ப்பு இருக்காது, ஏனென்றால் முறுக்கும்போது சுழல்வது நட்டுதான். மணலடித்துச் சுத்தம் செய்திருந்தால் இந்தத் தடயமெல்லாம் போயிருக்கும். அப்போது பொது வழக்கத்துக்குத்தான் வர வேண்டும்.

இரண்டு விதமாகவும் இருந்தது என்கிறீர்களே, அதில் ஆச்சரியம் இல்லை. தொண்ணூறு வருடத்தில் அந்த மட்கார்டு எத்தனை முறை கழன்றிருக்கும்! கைக்கு எட்டிய பக்கத்திலிருந்து போல்ட்டைச் சொருகிவிட்டுப் போனவர்கள் நிறையப் பேர். தொழிற்சாலையிலும் எல்லாம் ஒரே மாதிரி இருந்ததாக நினைக்க வேண்டாம். ஃபோர்டு மாடல் ஏ 1927 டிசம்பரில் அறிமுகமாகி 1931 வரை 48 லட்சத்துக்கு மேல் தயாரானது. அதைப் பூட்டிய ஆலைகள் பல ஊர்களில் இருந்தன. அத்தனை கைகளும் ஒவ்வொரு போல்ட்டையும் ஒரே திசையில் விட்டிருக்கும் என்று நான் பந்தயம் கட்ட மாட்டேன். ஒரு காரின் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு "இதுதான் ஒரிஜினல்" என்று அடித்துச் சொல்பவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள்.

தலை மேலே என்பதற்கான காரணம் எளிது. அதிர்வில் நட்டு கழன்று விழுந்தாலும் போல்ட் தன் எடையிலேயே துளைக்குள் நிற்கும். மட்கார்டு லொடலொடவென்று சத்தம் போடும், நீங்கள் இறங்கிப் பார்ப்பீர்கள். தலை கீழே இருந்தால் நட்டோடு போல்ட்டும் போய்விடும், மிச்சமிருக்கும் போல்ட்டுகள் பாரத்தைத் தாங்கித் துளையைக் கிழிக்கும். விமானப் பராமரிப்பிலும் இதே பழக்கம் உண்டு. முடிந்த இடத்திலெல்லாம் போல்ட்டின் தலை மேல்நோக்கியோ முன்நோக்கியோ இருக்கட்டும் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையத்தின் வழிகாட்டியே சொல்கிறது.

இப்போது டயர். மட்கார்டின் உள் விளிம்பு பாடியோடு சேரும் இடத்தில் போல்ட் படுக்கைவாட்டில் போகும். அங்கே தலை சக்கரக் குழிக்குள்ளும் நட்டு பாடியின் உள்பக்கமும் இருப்பது நல்லது. சேறும் தண்ணீரும் அடிக்கிற இடத்தில் வழவழப்பான தலை இருக்கும், மரை உள்ளே காய்ந்த இடத்தில் பத்திரமாக இருக்கும். ஃபோக்ஸ்வாகன் பீட்டிலில் இந்த ஏற்பாட்டைத் தெளிவாகப் பார்க்கலாம். நட்டு பாடியிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், போல்ட் சக்கரக் குழியிலிருந்து உள்ளே போகும். உங்கள் காரிலும் பாடியில் நட்டு பற்றவைத்திருந்தாலோ கூண்டுக்குள் நட்டு இருந்தாலோ யோசிக்கவே வேண்டாம், போல்ட் போக ஒரே வழிதான் உண்டு.

சிக்கல் வருவது மட்கார்டின் மேல்பாகத்தில், தாங்கு கம்பியில் அது உட்காரும் இடத்தில். அழகுக்குத் தலை மேலே வர வேண்டும், அப்படி வந்தால் மரை நேராக டயரைப் பார்க்கும். தலையைக் கீழே திருப்பிவிடாதீர்கள், போல்ட்டின் நீளத்தைக் குறையுங்கள். நட்டைத் தாண்டி இரண்டு மரை தெரிந்தால் போதும். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு முறை சரியான அளவு கையில் இல்லாமல் அரை அங்குலம் நீளமான போல்ட்டைப் போட்டுவிட்டேன். வண்டி நின்றபோது தாராளமாக இடைவெளி இருந்தது. பின்சீட்டில் இரண்டு பேர் ஏறி, ஒரு பள்ளத்தில் இறங்கி எழுந்ததும் டயரின் தோளில் உளியால் இழுத்தது போல ஒரு கோடு. அதனால் வண்டி சும்மா நிற்கும்போது அளந்து திருப்திப்படாதீர்கள். ஸ்பிரிங் முழுதும் அமுங்கினால் டயர் எவ்வளவு மேலே வரும், முன்சக்கரம் என்றால் ஸ்டீயரிங்கைக் கடைசிவரை ஒடித்தால் எங்கே வரும் என்று பாருங்கள்.

சதுரக் கழுத்து போல்ட் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கடையில் சாதாரணமாகக் கிடைப்பது மரத்துக்காகச் செய்தது, கழுத்து நீளமாக இருக்கும். மட்கார்டுத் தகரமோ ஒரு மில்லிமீட்டர் சுற்றுவட்டத்தில்தான் இருக்கும். நீளக் கழுத்து இரண்டு தகரத்தையும் தாண்டி வெளியே எட்டிப் பார்த்தால் நட்டு மரையின் முடிவில் போய் இடிக்கும். கைக்கு இறுகியது போலத் தோன்றும், மட்கார்டு மட்டும் ஆடிக்கொண்டே இருக்கும். குட்டைக் கழுத்துள்ளதைக் கேட்டு வாங்குங்கள்.

மரையிலும் ஏமாறக்கூடும். 5/16 அங்குலம் என்பது 7.94 மில்லிமீட்டர். பார்வைக்கு அது எட்டு மில்லிமீட்டர் போல்ட் மாதிரியேதான் இருக்கும். ஆனால் 5/16-இல் பெருமரை என்றால் அங்குலத்துக்கு 18, சிறுமரை என்றால் 24. எம்8 எனப்படும் எட்டு மில்லிமீட்டர் போல்ட்டில் ஒரு மரைக்கு 1.25 மில்லிமீட்டர். கையால் இரண்டு மூன்று சுற்று ஓடும், அப்புறம் பிடிக்கும். ஸ்பானர் போட்டு அழுத்தினால் மரை போச்சு. பற்றவைத்த நட்டில் இப்படி நடந்தால் புதுப் பெயிண்டுக்குப் பக்கத்தில் வெல்டிங் நெருப்பைக் கொண்டுபோக வேண்டியிருக்கும். பிரிட்டிஷ் கார் என்றால் மரைக் கணக்கே வேறு, விட்வொர்த் வகையாக இருக்கலாம். மரை அளவியை வைத்துப் பார்க்காமல் எதையும் முறுக்காதீர்கள்.

கண்காட்சிக்குக் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால் தலையில் உள்ள குறியையும் பாருங்கள். இன்றைய அங்குல போல்ட்டுகளின் தலையில் மூன்று கோடு இருந்தால் வலிமையில் ஐந்தாம் தரம், ஆறு கோடு இருந்தால் எட்டாம் தரம். 1930 காரில் இந்தக் கோடுகளைப் பார்த்ததும் விவரம் தெரிந்த நடுவர் மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவார். பளபளக்கும் ஸ்டெயின்லெஸ் போல்ட்டுக்கும் அதே கதிதான். துரு பிடிக்காது என்ற வசதி அதில் உண்மைதான், ஆனாலும் அந்தக் காலத்து மட்கார்டில் அது ஒட்டாமல் துருத்திக்கொண்டு தெரியும்.

பூட்டும் வரிசை இப்படி: மேலே தலை, அப்புறம் தகரம், நடுவில் பீடிங் (இரண்டு தகரத்துக்கும் இடையில் வைக்கும் பட்டை), மறுபடி தகரம், அடியில் அகல வாஷர், ஸ்பிரிங் வாஷர், நட்டு. ஸ்பிரிங் வாஷர் எப்போதும் நட்டுப் பக்கம்தான். துளை நீள்வட்டமாக இருந்தால் அகல வாஷரை விட்டுவிடாதீர்கள், இல்லாவிட்டால் நட்டு தகரத்தைக் குழியாக்கிவிடும். முறுக்கும்போது தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் சுற்றுங்கள். தலை சுழன்றால் அதன் அடியில் இருக்கும் பெயிண்ட் மாவாக உதிரும். தலை வட்டத்தைச் சுற்றி மெல்லிய பிளவு விழுந்து, ஒரு மழைக்காலம் போனதும் அங்கிருந்துதான் துரு கிளம்பும்.

எல்லா போல்ட்டுகளையும் முதலில் கைமுறுக்காக மட்டும் விடுங்கள். பீடிங்கில் போல்ட் வரும் இடங்களில் வெட்டு இருக்கும், மட்கார்டு தளர்வாகத் தொங்கும்போதுதான் அது சரியாக உள்ளே இறங்கும். ஃபுட்போர்டோடு சேரும் இடம், கதவு ஓர இடைவெளி எல்லாவற்றையும் பார்த்துவிட்டு நடுவிலிருந்து இரண்டு ஓரங்களுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கிக்கொண்டு போங்கள். ஒரே போல்ட்டை ஒரேயடியாக இறுக்கினால் அந்த இடத்தில் மட்டும் பீடிங் பிதுங்கி மேலே வரும்.

மட்கார்டின் மேல் விளக்கு இருந்தால் இதையும் பாருங்கள். பல பழைய கார்களில் விளக்குக்கு எர்த் கம்பி தனியாகக் கிடையாது, மட்கார்டும் அதன் போல்ட்டுகளும்தான் எர்த். நீங்கள் எல்லாப் பக்கமும் நன்றாகப் பெயிண்ட் அடித்திருப்பீர்கள், விளக்கு மங்கலாக எரியும், பல்பை மாற்றி மாற்றிப் பார்ப்பீர்கள். ஏதாவது ஒரு போல்ட்டில் நட்டின் அடியில் காசு அகலத்துக்குப் பெயிண்டைச் சுரண்டி, பல் வைத்த வாஷர் போட்டு, அதன் எதிர்முனை தொடும் சேஸிலும் அதேபோல் செய்துவிட்டு மேலே கிரீஸ் தடவிவிடுங்கள்.

சில நூறு கிலோமீட்டர் ஓட்டியதும் ஸ்பானரோடு ஒரு முறை அடியில் படுத்துப் பாருங்கள். புதுப் பெயிண்ட் கனமாக இருந்தால் நட்டின் அழுத்தத்தில் அது கொஞ்சம் அமுங்கும், முதல் நாள் இறுகியிருந்த நட்டு அப்போது கால் சுற்று இடம் கொடுக்கும்.